கள்ளும் வாழ்த்தும்: கிரேக்க விருந்தும் புறநானூற்று விருந்தும்

மதுக்கிண்ணத்தை உயர்த்தி ஒருவரை வாழ்த்தும் வழக்கம் மேலைநாட்டாருக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. புறநானூற்றைப் படிப்போர்க்கு இவ்வெண்ணம் நிலைப்பதில்லை.

பண்டைக் கிரேக்கரின் 'சிம்போசியம்' என்னும் மதுவிருந்து கடுமையான ஒழுங்குடையது. திராட்சை மதுவைப் பெருங்கலத்தில் நீருடன் கலந்தே அருந்தினர். நீர் கலவாமல் அருந்துவது நாகரிகமற்றோர் செயலாகக் கருதப்பட்டது. கலவையின் அளவை விருந்துத் தலைவன் வகுப்பான். தெய்வங்களுக்கு முதலில் சிறிது மது நிலத்தில் வார்க்கப்படும். பின்னர் ஒருவன் மற்றொருவன் பெயர் சொல்லிப் பருகிக் கிண்ணத்தை அவனிடம் நீட்டுவதும் உண்டு. அனைவரும் ஒரே கலத்திலிருந்து பெற்றனர் என்பதே இவ்விருந்தின் உயிர்நிலை. ஆயினும், அச்சமத்துவம் குடியுரிமை பெற்ற ஆடவரோடு நின்றுவிட்டது.

இனித் தமிழகம் வருவோம். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரனார், பாண்டியன் நன்மாறனை, யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித்தர உண்டு மகிழுமாறும், உலகம் உள்ளளவும் வாழுமாறும் வாழ்த்துகிறார். கையில் மது, வாயில் நீடுவாழ்த்து. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 1945இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மத்தியதரைக்கடற் பகுதியின் மதுச்சாடி ஓடுகள் வெளிப்பட்டமை இப்பாடலுக்கு மண்ணின் துணையாகிறது.

எனினும், தமிழ் விருந்தின் உள்ளீடு அரண்மனைத் தேறலில் இல்லை என்பதே நம் கருத்து. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் பாடலைக் காண்க. சிறிதளவு கள் கிடைத்தால் அவன் அதனைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாட அவனும் உடன் உண்டு மகிழ்வான் என்றும் நினைந்து அழுகிறார். கிரேக்கர் நீர் சேர்த்து அளவைக் காத்தனர். அதியமான் அளவு குறைந்தபோது தன் பங்கை விட்டான். அரசனும் பெண்பாற் புலவரும் ஓரிடத்தில் அமர்ந்து உண்ட காட்சியை ஏதென்ஸ் நகர விருந்தில் தேடினாலும் காண்பது அரிது.

இப்பாடலை வகுப்பறையில் நடத்தத் தயங்கும் ஆசிரியர்களை நாம் அறிவோம். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. மலாயாத் தோட்டங்களின் கள்ளுக்கடைகள் நம் முன்னோர் குடும்பங்களைச் சீரழித்தன. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் அக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கையாக இருந்தது. ஆகவே தயக்கம் நியாயமானதே. ஆனால் கூலியைத் திரும்பப் பறித்த கள்ளும், பகிர்ந்துண்ட கள்ளும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்காமல் 'கள்' என்னும் சொல்லைப் 'பானம்' என்று மழுப்புவது பாடலுக்குச் செய்யும் அநீதி.

232ஆம் பாடலில் கிரேக்கரின் வார்ப்புச் சடங்கிற்கு நிகரான ஒன்று வருகிறது. அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் உகுக்கின்றனர். மலைநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று ஔவையார் வினவுகிறார். சடங்கில் அவருக்கு ஆறுதல் இல்லை. தாம் பாட உடனிருந்து உண்டவன் அங்கு இல்லை.