திருப்பூர் ஏற்றுமதி ஆங்கிலத்தில் இறந்தகால எச்சம்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வெளிநாட்டு பையரும் உள்ளூர்க் கம்பெனியும் எழுதிக்கொள்ளும் ஆங்கிலத்தில் முழு வாக்கியங்கள் குறைவு. டெக் பேக் (ஆடைத் தயாரிப்புக் குறிப்பு), சாம்பிள் கமென்ட், பேக்கிங் லிஸ்ட், லேபிள் எதை எடுத்தாலும் ‘டைட்’, ‘பிரிண்டட்’, ‘பேக்டு’ போன்ற சொற்களே வேலையைச் சுமக்கின்றன. பள்ளியில் பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்று கற்பிக்கப்படும் இந்த இறந்தகால எச்சம், முன்னால் ஒரு வினையடையையோ பின்னால் ஒரு முன்னிடைச்சொல்லையோ சேர்த்துக்கொள்ளும்போதுதான் பெரும்பாலும் முழுப்பொருள் தருகிறது. ஆடையின் அளவு, சரக்கு கிளம்பும் நாள், சுங்க வரி கட்டும் பொறுப்பு ஆகியவை இந்தச் சிறு சொற்களைப் பொறுத்தவை.

பின்னணி

நொய்யல் ஆற்றங்கரையில் உள்நாட்டுச் சந்தைக்கான பனியன் உற்பத்தியாக வளர்ந்த தொழில், 1970களின் இறுதியில் ஏற்றுமதியில் கால் வைத்தது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்து செல்கிறது.

ஒரு டி-சர்ட் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கட்டங்களைக் கடக்கிறது. இவற்றில் பலவற்றை ஜாப் ஒர்க் யூனிட்டுகள் செய்து தருகின்றன. பையர் அனுப்பும் ஆங்கிலக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் தமிழில் சொல்பவர் மெர்ச்சண்டைசர். முடிந்த வேலையின் விளைவு பொருளில் எப்படித் தெரிய வேண்டும் என்பதே அந்தக் குறிப்புகளின் சாரம் என்பதால் அவற்றில் இறந்தகால எச்சம் நிறைந்திருக்கிறது.

பெயருக்கு முன்னும் பின்னும்

எச்சம் தனியாக வந்தால் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கும். ‘கோம்டு காட்டன்’ என்பது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பருத்தி. ‘பிரஷ்டு ஃப்ளீஸ்’ என்பது ரைசிங் மெஷினில் மேற்பரப்பின் இழைகளை எழுப்பிய துணி. வினையடை சேரும்போதும் இந்த இடம் மாறாது: ‘ஈவன்லி டைட் ஃபேப்ரிக்’, அதாவது சீராகச் சாயமேற்றிய துணி. வினையடையின் இடத்தில் பெயர்ச்சொல்லும் வரும். நூலாக இருக்கும்போதே சாயமேற்றினால் ‘யார்ன் டைட்’, துணியான பின் என்றால் ‘பீஸ் டைட்’, தைத்து முடித்த பின் என்றால் ‘கார்மென்ட் டைட்’. மூன்றிலும் எச்சம் ஒன்றே. முன்னால் வரும் சொல் சாயமேற்றும் கட்டத்தைக் காட்டிவிடுகிறது.

முன்னிடைச்சொல் தொடர் ஒட்டிக்கொண்டால் எச்சம் பெயருக்குப் பின்னால் போகும்: ‘ஃபேப்ரிக் நிட்டட் ஆன் எ சர்க்குலர் மெஷின்’. தமிழில் இந்த இடமாற்றம் இல்லை. ‘வட்டப் பின்னல் மெஷினில் பின்னிய துணி’ என்று முழுத்தொடரும் துணிக்கு முன்னாலேயே நிற்கிறது.

எச்சத்துக்குப் பின்னால் வரும் சிறு சொல் வினையோடு ஒட்டி அதன் பொருளை மாற்றுவதும் உண்டு. ‘சோன் இன்’ என்றால் தையலுக்குள் வைத்துத் தைத்தது. ‘சோன் ஆன்’ என்றால் மேலே வைத்துத் தைத்தது. ‘மேட் ஆஃப் காட்டன்’ என்னும்போது பருத்தி பருத்தியாகவே ஆடையில் இருக்கிறது. பெட் பாட்டிலை உருக்கி எடுத்த பாலியஸ்டர் நூலில் பாட்டில் தன் உருவை இழந்துவிடுவதால், அங்கே பொருந்துவது ‘மேட் ஃப்ரம்’.

நன்னூல் காட்டும் ஒப்பீடு

ஆங்கில எச்சத்தைத் தமிழர் புரிந்துகொள்ளச் சிறந்த கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தோடு கொங்கு மரபு இணைத்துப் பேசும் பவணந்தி முனிவர், நன்னூலில் பெயரெச்சம் ஆறு பொருள்களைக் கொண்டு முடியும் என்கிறார். பனியன் கம்பெனியில் வைத்துப் பார்த்தால்: தைத்த டெய்லர் (செய்பவர்), தைத்த மெஷின் (கருவி), தைத்த கம்பெனி (நிலம்), தைத்த தையல் (செயல்), தைத்த நாள் (காலம்), தைத்த சட்டை (செயப்படுபொருள்).

‘தைத்த’ என்ற ஒரே வடிவம் ஆறு பெயர்களையும் ஏற்கிறது. ஆங்கிலத்தின் ‘ஸ்டிச்டு’ இவற்றில் சட்டையைத்தான் இயல்பாக ஏற்கும். டெய்லரைச் சொல்ல ‘பை’, மெஷினுக்கு ‘ஆன்’, கம்பெனிக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஆன்’ என்று ஒவ்வொரு உறவுக்கும் ஒரு முன்னிடைச்சொல் வேண்டும். தமிழில் எச்சத்தை அடுத்து வரும் பெயரே காட்டிவிடும் உறவை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் காட்டுகிறது. ஆகவே ஆங்கிலக் குறிப்பில் அதைக் கவனிக்காமல் தாண்டுவது, உறவையே படிக்காமல் விடுவதாகும்.

‘பை’ என்ற சொல்

மிக அதிகக் கவனம் கேட்பது ‘பை’. ‘இன்ஸ்பெக்டட் பை’ செய்பவரைச் சொல்கிறது: செக்கரால் பார்க்கப்பட்டது. ‘ஷிப்டு பை சீ’ வழியைச் சொல்கிறது: கப்பலில் அனுப்பியது. ‘ஷிப்டு பை 15 மார்ச்’ கெடுவைச் சொல்கிறது: 15ஆம் தேதிக்குள். ‘ரெடியூஸ்டு பை 1 செ.மீ.’ வேறுபாட்டின் அளவைச் சொல்கிறது: 1 செ.மீ. குறைத்தது. தமிழ் ஆல், இல், குள், அளவு என்று பிரித்துச் சொல்லும் நான்கையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிறது.

கழுத்து ரிப்பின் உயரம் 3 செ.மீ. என்று கொள்வோம். சாம்பிள் கமென்ட் ‘ரெடியூஸ்டு பை 1 செ.மீ.’ என்றால் ரிப் 2 செ.மீ. ஆகும். ‘ரெடியூஸ்டு டு 1 செ.மீ.’ என்றால் 1 செ.மீ. ஆகும். இரண்டுமே தைக்கக்கூடிய அளவுகள் என்பதால், பேட்டர்ன் மாஸ்டருக்குச் சந்தேகம் எழாமல் தவறு கடந்து போக முடியும். ‘3லிருந்து 2 செ.மீ.’ என்று இரு அளவுகளையும் எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

பொருள் மயக்கம்

தொடர்கள் அடுக்கி வரும்போது எந்த எச்சம் எந்தப் பெயரைத் தழுவுகிறது என்ற கேள்வி எழும். ‘லேபிள் சோன் இன்டு சைட் சீம் ஃபோல்டட் இன் ஹாஃப்’ என்பதில் பாதியாக மடித்தது லேபிளா, பக்கத் தையலா? ‘லேபிள் ஃபோல்டட் இன் ஹாஃப் அண்ட் சோன் இன்டு சைட் சீம்’ என்று வரிசையை மாற்றினால் தெளிவு.

ஆங்கிலத்தில் எச்சமும் இறந்தகால வினைமுற்றும் பல வினைகளில் ஒரே வடிவம் கொண்டவை. ‘கார்டன்ஸ் பேக்டு ஆன் மண்டே ஷிப்டு ஆன் டியூஸ்டே’ என்பதில் ‘பேக்டு’ எச்சம், ‘ஷிப்டு’ முற்று: திங்களன்று பேக் செய்த பெட்டிகள் செவ்வாயன்று கிளம்பின. தமிழில் ‘செய்த’, ‘கிளம்பின’ என்று வடிவமே வேறுபடுவதால் இந்த மயக்கம் வருவதில்லை.

வணிக ஒப்பந்தத்தில்

பன்னாட்டு வணிகக் கழகம் 1936இல் முதன்முதலாக வெளியிட்ட, விற்பவர் வாங்குபவர் கடமைகளை வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளிலும் இதே அமைப்பைக் காணலாம். 2020 பதிப்பில் ‘டெலிவர்ட் அட் பிளேஸ்’ என்றால் குறித்த இடத்துக்குச் சரக்கைக் கொண்டு சேர்ப்பது விற்பவர் கடமை. இறக்குவது வாங்குபவர் பாடு. அதோடு ‘அன்லோடட்’ என்ற எச்சம் சேர்ந்தால் இறக்கித் தருவதும் விற்பவர் தலையில் விழும். ‘டெலிவர்ட் டூட்டி பெய்ட்’ என்றால் இறக்குமதி வரியும் அவரைச் சேரும். ஒரே ஒரு எச்சம் செலவுக் கணக்கை மாற்றிவிடுகிறது.

பயிற்சியில் இதன் இடம்

தொழிலில் நுழையும் இளைஞர்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. மெர்ச்சண்டைசருக்கு அதைவிட முதலில் தேவை இந்த எச்சத் தொடர்களைப் படிக்கும் திறன். எச்சம் தழுவும் பெயரைக் கண்டுபிடிப்பது, அதை ஒட்டிய சிறு சொல்லை அடிக்கோடிடுவது, அந்த உறவுக்குரிய தமிழ் உருபைப் பக்கத்தில் எழுதுவது என்ற மூன்று படிகள் போதும். பெயரெச்சத்தையும் வேற்றுமையையும் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு வரும் மாணவருக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சி வகுப்புகள் ஆங்கிலத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.