குட்டீஸோட சென்னைக்கு ரெண்டு நாள்: மே மாச வெயில்ல எங்கே போகலாம், எதை விட்டுடலாம்?

பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு. முதல் வாரம் டிவி, ரெண்டாவது வாரம் மொபைல், மூணாவது வாரத்துல இருந்து "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ங்கிற நச்சரிப்பு. ஊட்டி, கொடைக்கானல்னு போனா ரூம் வாடகையும் இ-பாஸும் பயமுறுத்துது. அப்போ பல வீடுகள்ல வர்ற பதில், "சென்னைக்குப் போயிட்டு வரலாமா?"

கரூர்லயோ தேனியிலயோ வளர்ற நிறைய குழந்தைகளுக்குத் தலைநகரம்னா ஆஸ்பத்திரி, கல்யாணம், இல்லேன்னா சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்தான். அவங்களுக்காகவே ஒரு பயணம்னு அமையறது அபூர்வம். கூட்டிட்டுப் போறது பெற்றோராத்தான் இருக்கணும்னும் இல்லை. சென்னையில வேலை பார்க்கிற மாமா, சித்தி, அக்காக்களுக்கும் சேர்த்துதான் இந்தக் கட்டுரை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறோம். ரெண்டு நாளைக்குப் பத்து இடம் லிஸ்ட் போட்டிருந்தா, அதுல பாதியை அழிச்சிடுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அவ்வளவுதான் ஒரு குழந்தையால தாங்க முடியும். வண்டலூர், மகாபலிபுரம், மால், மெரினா எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சா, குழந்தைக்கு ஞாபகம் இருக்கப்போறது கார் ஜன்னல் மட்டும்தான்.

டிக்கெட் போடும்போதே கவனிங்க

ரயில் முன்பதிவு இப்போ 60 நாள்களுக்கு முன்னாடிதான் திறக்குது. மே மாச வார இறுதி சீட்டுகள் சீக்கிரமே காலியாகிடும். தட்கல்தான் கதின்னா, ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மத்ததுக்கு 11 மணி.

5 வயசுக்குக் கீழே இருக்கற குழந்தைக்குத் தனி பெர்த் கேக்கலைன்னா டிக்கெட் வேண்டாம். 5-ல இருந்து 12 வயசுக்குள்ளன்னா, பெர்த் வேணும்னா முழுக்கட்டணம், வேண்டாம்னா பாதி. இந்தப் பாதிக்கட்டண வசதி ஸ்லீப்பர் மாதிரி படுக்கை வகுப்புகள்ல மட்டும்தான். சேர் கார்ல கிடையாது. பத்து வயசுப் பையனை பெர்த் இல்லாம கூட்டிட்டுப் போனா, ராத்திரி முழுக்க நீங்கதான் உக்காந்துட்டு வரணும். மறுநாள் மியூசியத்துல தூங்கி வழியப்போறது யாருன்னு யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க. அரசு பஸ்லயும் 5 வயசு வரை கட்டணம் இல்லை.

எழும்பூர் ஸ்டேஷன்ல வேலை நடக்கறதால சில ரயில்களைத் தாம்பரத்தோட நிறுத்திடறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நாள் ஆப்ல ஒரு தடவை பார்த்துடுங்க. தென்மாவட்டத்துல இருந்து பஸ்ல வர்றவங்களுக்கு இப்போ கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம்தான். "ஊருக்கு வெளியே இறக்கிவிடறாங்களே"னு புலம்பறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி: வண்டலூர் உயிரியல் பூங்கா அங்கேருந்து பக்கம். உங்க வீட்டுக் குழந்தைக்கு விலங்குகள்தான் உயிருன்னா, மத்த எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு காலைப்பொழுதை அங்கேயே கொடுங்க. ஆனா, கதவு திறக்கும்போதே உள்ளே இருக்கணும். 11 மணிக்கு மேல புலியும் சிங்கமும் நிழல்ல படுத்துடும். 602 ஹெக்டேர் பூங்கா அது, நடந்தே பார்த்துடலாம்னு நினைக்காதீங்க. பேட்டரி வண்டி இருக்கு.

இன்னொரு சிக்கல், ரூம். ரயில் காலையில 5 மணிக்கு வரும், பல ஹோட்டல்கள்ல செக்-இன் மதியம் 12 மணி. புக் பண்ணும்போதே '24 மணி நேர செக்-அவுட்' இருக்கானு கேளுங்க. கிடைக்கலைன்னா, பையைப் பூட்டி ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல போட்டுட்டு, குளிச்சு, டிபன் சாப்பிட்டுக் கிளம்பிடலாம்.

சனிக்கிழமை: எழும்பூர் மியூசியம்

1851-ல ஆரம்பிச்ச அரசு அருங்காட்சியகம் இது. 6 கட்டடம், 46 கேலரி. எல்லாத்தையும் பார்க்கணும்னு நினைச்சா பெரியவங்களே மயங்கிடுவாங்க. சின்னக் குழந்தைங்கன்னா நேரா திமிங்கலத்தோட எலும்புக்கூட்டுக்குப் போயிடுங்க. அந்த எலும்புக்குக் கீழே நிக்கற குழந்தை கேட்கற முதல் கேள்வி பெரும்பாலும், "இது நிஜமா?" ஆமா, நிஜம்னு தைரியமா சொல்லலாம். கொஞ்சம் பெரிய பசங்கன்னா வெண்கலச் சிற்பக்கூடம். கோயில்ல பட்டுச் சுத்தி, மாலை போட்டு, இருட்டுக்குள்ள தூரத்துல தெரியற நடராஜரை, இங்கே ஒவ்வொரு விரலா பக்கத்துல நின்னு பார்க்கலாம்.

எல்லாக் கட்டடத்துலயும் ஏசி கிடையாது. அதனால காலையில 9.30-க்குத் திறந்ததும் போயிட்டு, 12 மணிக்குள்ள வெளியே வந்துடுங்க. வெள்ளிக்கிழமை லீவு. திங்கட்கிழமையும் லீவு போட்டு லாங் வீக் எண்டா வர்றீங்கன்னா இதையும் குறிச்சுக்கோங்க: வழக்கமா முதலைப் பண்ணையும், மெரினா கலங்கரை விளக்கமும், ஐ.சி.எஃப் ரயில் மியூசியமும் திங்கட்கிழமை இருக்காது. வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை.

மதியம் சாப்பிட்டுட்டு ரூமுக்குப் போய்த் தூங்குங்க. "சென்னைக்கு வந்தும் தூங்கறதா?"னு கேட்பாங்க. சென்னையில 2003 மே 31-ல வெயில் 45 டிகிரியைத் தொட்டிருக்கு. அவ்வளவு இல்லாத நாள்லயும், புழுக்கத்துல வியர்வை காயாது. வியர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். மதுரை வெயிலுக்குப் பழகின குழந்தைகூட இங்கே சீக்கிரம் சோர்ந்துபோறது இதனாலதான். 11-ல இருந்து 3 மணி வரை கூரைக்குக் கீழேதான் இருக்கணும். இதுல மட்டும் பேரம் வேண்டாம்.

தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்காம, அரை மணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு தண்ணி கொடுங்க. யூரின் அடர் மஞ்சளா போனாலோ, ரொம்ப நேரம் போகவே இல்லைன்னாலோ தண்ணி பத்தலைன்னு அர்த்தம். ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை மருந்துக் கடையில கேட்டு வாங்கி, பாக்கெட்ல போட்டிருக்கற அளவு தண்ணியில முழுசா கலக்கணும். டெட்ரா பேக்ல வர்ற இனிப்பு ஜூஸ் அதுக்கு மாத்து இல்லை. உடம்பு கொதிச்சு, குழந்தை சம்பந்தம் இல்லாமப் பேசினாலோ, எழுப்பினா சரியா முழிக்கலைன்னாலோ காத்திருக்காதீங்க. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், உடம்பெல்லாம் தண்ணியால நனைச்சு விசிறிக்கிட்டே 108-க்குக் கூப்பிடுங்க.

மெரினா: கால் நனைக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு

கடலையே பார்க்காத குழந்தையை முதல்முறை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போறது பெரிய விஷயம். ரோட்டுல இருந்து தண்ணிக்கு நடந்துகிட்டே இருப்பீங்க, கடல் வரவே வராது. அதுக்கு ஒரு கதை இருக்கு, நடக்கும்போதே சொல்லுங்க. ஒரு காலத்துல அலை ரோட்டுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. 1870-கள்ல வடக்கே துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. தெற்கே இருந்து கடல் அடிச்சுட்டு வந்த மணலை அந்தச் சுவர் தடுத்துடுச்சு. அது சேர்ந்து சேர்ந்துதான் இவ்வளவு பெரிய மணல்வெளி ஆச்சு. 'மெரினா'ங்கற பேரை 1884-ல கவர்னரா இருந்த கிராண்ட் டஃப் வெச்சார்.

இப்போ சீரியஸான விஷயம். மெரினாவுல குளிக்கத் தடை இருக்கு. அது சும்மா போட்ட போர்டு இல்லை. சில அடி தூரத்துலயே தரை சட்டுனு இறங்கும். திரும்பிப் போற அலை, காலுக்குக் கீழே இருக்கற மணலையும் சேர்த்து இழுக்கும். ஆறு, கிணறுன்னு நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன்தான் "எனக்கு ஒண்ணும் ஆகாது"னு முதல்ல இறங்குவான். அவனைத்தான் ரொம்பக் கவனிக்கணும். கணுக்கால் வரை தண்ணி, கை பெரியவங்க கையில, முதுகைக் கடலுக்குக் காட்டக்கூடாது. ஒரு பெரியவருக்கு ரெண்டு குழந்தைக்கு மேல வேண்டாம். தண்ணி ஓரத்துல நிக்கறவங்க கையில மொபைல் இருக்கக்கூடாது. ரீல்ஸ் எடுக்கணும்னா வேற ஒருத்தர் மணல்ல நின்னு எடுக்கட்டும்.

யாராவது இழுத்துட்டுப் போனா, பதறி நீங்களும் குதிச்சுடாதீங்க. சத்தம் போட்டு அங்கே இருக்கற மீனவர்களையும் போலீஸையும் கூப்பிடுங்க. காலி கேன், கயிறுனு மிதக்கறது எது கிடைச்சாலும் வீசுங்க.

கூட்டத்துல தொலையறதும் இங்கே சகஜம். காலையிலயே, அன்னிக்குப் போட்டிருக்கற டிரஸ்ஸோட குழந்தையை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. "பச்சை சட்டையா, நீல சட்டையா?"னு பதற்றத்துல ஞாபகம் வராது. முன்கையில பேனாவால உங்க நம்பரை எழுதிவிடுங்க. குழந்தைகிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு: "எங்களைக் காணோம்னா நீ எங்கயும் நடக்காத, அங்கேயே நில்லு. நாங்க வருவோம்." கொஞ்சம் பெரிய பசங்கன்னா, உழைப்பாளர் சிலை மாதிரி கண்ணுல படற ஒரு இடத்தை முதல்லயே காட்டிடுங்க. உடனே கிடைக்கலைன்னா 112, குழந்தைகள் உதவி எண் 1098.

தாத்தா பாட்டி கூட வந்திருந்தா, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-ல போட்ட 263 மீட்டர் மரப்பாதை இருக்கு. மணல்ல கால் புதையாம கடலைப் பக்கத்துல போய்ப் பார்க்கலாம். அப்புறம் சுண்டல், பஜ்ஜி எல்லாம் உங்க இஷ்டம். சூடா போடறதை வாங்குங்க, ஐஸ் போட்டதையும் வெட்டி வெச்ச பழத்தையும் விட்டுடுங்க. குதிரை, ராட்டினம்னா விலையைக் கேட்டுட்டு ஏறுங்க.

ஞாயிற்றுக்கிழமை: ஒரே ரோட்டுல ஒரு நாள்

எங்களைக் கேட்டா, குழந்தைகளுக்குச் சென்னையில பெஸ்ட் ஏரியா கிண்டி - கோட்டூர்புரம்தான். எழும்பூர்ல இருந்து மின்சார ரயில்ல கிண்டி. அங்கேருந்து ஆட்டோவுல சிறுவர் பூங்கா. பக்கத்துலயே பாம்புப் பண்ணை. ஊருக்கு நடுவுல, புள்ளிமான் திரியற ஒரு தேசியப் பூங்காவோட ஓரத்துல இருக்கீங்கன்னு பசங்களுக்குச் சொல்லுங்க, நம்ப மாட்டாங்க.

வெயில் ஏறினதும் காந்தி மண்டபம் சாலையில இருக்கற பிர்லா கோளரங்கம். தமிழ்ல காட்சி எத்தனை மணிக்குன்னு போனதும் கேட்டு டிக்கெட் எடுங்க. நாலு வயசுக்குக் கீழேன்னா அந்த இருட்டுக்கு அழும், அதனால கதவு ஓரமா உக்காருங்க.

மதியத்துக்கு அதே ரோட்டுல அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல திறந்தது. டூர் லிஸ்ட்ல நூலகமானு சிரிக்காதீங்க. முதல் மாடியில குழந்தைகளுக்குன்னே ஒரு பெரிய பகுதி, தரையில உக்காந்து படிக்கலாம், ஏசி, நல்ல டாய்லெட், கட்டணம் எதுவும் இல்லை. மே மாச மதியத்துல ஒரு குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊர்ல காசு கொடுத்தாலும் கிடைக்காது. பையை மட்டும் கவுன்ட்டர்ல கொடுத்துடணும்.

வெயில் தாழ்ந்ததும் "திரும்பவும் கடல்"னு கேட்டா, கோட்டூர்புரத்துல பறக்கும் ரயில் ஏறி 'லைட் ஹவுஸ்' ஸ்டேஷன்ல இறங்கலாம். வீட்டு மாடிகளுக்கு மேல போற அந்த ரயிலே குழந்தைகளுக்கு ஒரு ரைடுதான், டிக்கெட்டும் சில ரூபாய்தான். மெட்ரோவுல போறதா இருந்தா, 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கற குழந்தைக்கு டிக்கெட் இல்லை. அம்மா, பாட்டிங்க சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துல இலவசமா போகலாம், ஏசி பஸ்ஸுக்கு அது பொருந்தாது.

ரிட்டர்ன் ரயில் 9 மணிக்குன்னா 7 மணிக்கே பீச்சுல இருந்து கிளம்பிடுங்க. ஞாயிறு சாயங்காலம் காமராஜர் சாலையில ஆட்டோ கிடைக்கறது லேசு இல்லை. ஈர டிரஸ்ஸைப் போட ஒரு தனிக் கவர், மாத்திக்க ஒரு செட்டு, ரெண்டையும் பையில மேலாக வைங்க. மணல் எப்படியும் பெர்த் வரைக்கும் வரும்.