பாலினக் குரோமோசோம் குறைபாடுகளும் முக எலும்பு வளர்ச்சியும்

பாலினக் குரோமோசோம்களின் எண்ணிக்கை பிசகினால் இனப்பெருக்க உறுப்புகளோடு முகத்தின் எலும்புச் சட்டகமும் மாறுகிறது. ஒரே எக்ஸ் குரோமோசோம் உள்ள டர்னர் நோய்க்குறியில் மண்டையோட்டின் அடித்தளம் குட்டையாகித் தட்டையாக விரிகிறது, கீழ்த்தாடை பின்வாங்குகிறது, மேலண்ணம் குறுகி உயர்கிறது. கூடுதல் எக்ஸ் கொண்ட கிளைன்ஃபெல்டர் ஆண்களிடமோ அடித்தளக் கோணம் குறுகுவதும் கீழ்த்தாடை முன்தள்ளுவதும் பதிவாகியுள்ளன. இந்த எதிரெதிர்ப் போக்கே மரபணுக்களின் அளவைக் காரணமாகக் காட்டும் வலுவான சான்று.

ஈஸ்ட்ரோஜன் குறைவுதான் காரணம் என்போர் உண்டு. ஆனால் டர்னர் முக அமைப்பு பூப்புக்கு முன்பே, எல்லாச் சிறுமிகளுக்கும் அந்தச் சுரப்பு குறைவாக இருக்கும் வயதிலேயே, எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிகிறது. மரபணு அளவின் பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 1997-இல் கண்டறியப்பட்ட ஷாக்ஸ் மரபணு எக்ஸ், ஒய் இரண்டிலும் உள்ளதால், டர்னரில் அதன் ஒரு பிரதி குறைகிறது, கிளைன்ஃபெல்டரில் ஒன்று கூடுகிறது. கருவில் தாடை உருவாகும் முதல் தொண்டை வளைவிலும் அது செயல்படுகிறது. அதற்காக ஹார்மோன்களை ஒதுக்கிவிட முடியாது. வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை கீழ்த்தாடையின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. குறைபாட்டின் அளவும் முக்கியம்: எல்லா உயிரணுக்களிலும் குறைபாடு இல்லாத கலப்பு வகையினரிடம் முக மாற்றம் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும்.

டர்னர் நோய்க்குறி ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. வயதுக்கேற்ற உயரமில்லாத சிறுமியிடம் பின்வாங்கிய தாடையையும் உயர்ந்த அண்ணத்தையும் காணும் பல் மருத்துவர், கம்பி கட்டுவதற்கு முன் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது.