குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி: உதிரிப்பாகத் தேர்வின் வரலாறு

உதிரிப்பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தி, கணினி விளையாட்டுகளுக்கென ஒரு மேசைக்கணினியைத் தானே அமைத்துக்கொள்ளும் வழக்கம் 1990களின் பிற்பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளைஞர்களிடையே வேரூன்றியது. பெரிய நிறுவனங்கள் விற்ற முழுக்கணினியை வாங்க வசதியில்லாதவர்களும், வசதி இருந்தும் அதில் தங்களுக்கு வேண்டிய பாகம் இல்லை என்று கண்டவர்களும் இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தனர். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வரைகலை அட்டை, வன்தட்டு, மின்வழங்கி, பெட்டி ஆகியவற்றுக்குக் கையிலுள்ள ஒரே தொகையைப் பங்கிட வேண்டும். ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும். இந்தப் பங்கீடு காலந்தோறும் மாறி வந்ததே இக்கட்டுரையின் பொருள்.

திறந்துவிடப்பட்ட கட்டமைப்பு

ஒருவர் கடைக்குப் போய் ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகையையும் இன்னொரு நிறுவனத்தின் வரைகலை அட்டையையும் வாங்கிப் பொருத்த முடிகிறது என்றால், அதற்கு ஐபிஎம் நிறுவனம் அவசரத்தில் எடுத்த ஒரு முடிவே காரணம். 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐபிஎம் பீசி, அந்நிறுவனத்தின் வழக்கத்துக்கு மாறாக, வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு ஓராண்டுக்குள் உருவாக்கப்பட்டது. செயலி இன்டெல் 8088, இயக்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. உள்ளே கூடுதல் அட்டைகளைச் செருக ஐந்து இடங்கள் இருந்தன. மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளின் வரிகளையும் கொண்ட தொழில்நுட்பக் கையேட்டை ஐபிஎம் தானே விற்றது. அட்டைகளைப் பிறர் செய்து விற்கட்டும் என்பதே நோக்கம்.

பயாஸ் மட்டும் பதிப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. காம்பாக் நிறுவனம், அந்த வரிகளைப் பார்த்திராத பொறியாளர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் பயாஸை எழுதி, 1982 நவம்பரில் தன் கணினியை அறிவித்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயாஸை யாருக்கும் விற்க முன்வந்தது. அதன்பின் தைவான் தொழிற்சாலைகளில் உருவான தாய்ப்பலகைகள் உலகெங்கும் போயின. 1987இல் ஐபிஎம் தன் புதிய வரிசையில் வேறொரு செருகுமுறையைப் புகுத்தி, பிடியை மீண்டும் இறுக்கப் பார்த்தது. சந்தை பின்தொடரவில்லை. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை, தாய்ப்பலகையின் திருகுத்துளைகள் முதல் மின்வழங்கியின் இணைப்பு வரை ஒரே சீராக்கியது. இன்றைய பெட்டிகளில் பலவும் அந்த அளவையே பின்பற்றுகின்றன.

குவேக் வைத்த தேர்வு

1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டுக்கு 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் குறைந்தபட்சத் தேவை; தடையின்றி ஆட 486 வேண்டும். அதுவரை எந்த மலிவுச் செயலியை வாங்கினாலும் வேகம் மட்டுமே சற்றுக் குறையும் என்ற நிலை இருந்தது. 1996 ஜூனில் அதே ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட குவேக் இந்தக் கணக்கை மாற்றியது.

அன்று இன்டெல் பென்டியத்துக்குப் போட்டியாகச் சைரிக்ஸ் 6x86 என்ற செயலி குறைந்த விலையில் கிடைத்தது. அது 133 மெகாஹெர்ட்சில் ஓடினாலும், 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு ஈடானது என்று பொருள்பட 'பி166+' என்ற பெயரில் விற்கப்பட்டது. கடிதம் எழுதுவதிலும் கணக்கேடு போடுவதிலும் அது பொய்யில்லை. ஆனால் குவேக், முப்பரிமாணப் பரப்புகளைச் சரியான தொலைவுத் தோற்றத்துடன் காட்டத் தசம எண் கணக்குகளைப் பெருமளவில் நம்பியிருந்தது. பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதி ஒரு வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே, முழு எண் பகுதி திரையில் அடுத்த புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும். விளையாட்டின் நிரல் இந்த இணைவேலையை எண்ணியே எழுதப்பட்டது. சைரிக்ஸின் தசமக் கணக்குப் பகுதியோ மெதுவானது. பணத்தை மிச்சப்படுத்தியதாக மகிழ்ந்த பலர், திரையில் படம் விட்டுவிட்டு நகர்வதைக் கண்டபோதுதான் எதை விட்டுக்கொடுத்தோம் என்று அறிந்தனர். ஒரு செயலியின் பெயரிலுள்ள எண் எந்த வேலையை வைத்து அளக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் அப்போது தொடங்கியது. இணையத்தில் உதிரிப்பாகங்களைச் சோதித்து எழுதும் தளங்களும் அந்த ஆண்டுகளிலேயே தோன்றின. டாம்ஸ் ஹார்டுவேர் 1996இலும் ஆனந்த்டெக் 1997இலும் வந்தன. பின்னதைத் தொடங்கிய ஆனந்த் லால் ஷிம்பிக்கு அப்போது வயது 14.

வூடூ அட்டை

அதே 1996இன் பிற்பகுதியில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ சில்லு கொண்ட அட்டைகள் கடைக்கு வந்தன. அவ்வாண்டு நினைவகச் சில்லுகளின் விலை சரிந்ததால்தான் 4 மெகாபைட் நினைவகத்துடன் இத்தகைய அட்டையை வீட்டுப் பயன்பாட்டு விலையில் விற்க முடிந்தது. வூடூ முப்பரிமாணப் படங்களை மட்டுமே வரையும். சாதாரணத் திரைக்குப் பழைய அட்டையே வேலை செய்யும். பழைய அட்டையிலிருந்து ஒரு கம்பி வூடூவுக்கும், அங்கிருந்து இன்னொன்று திரைக்கும் போகும். பார்வைக்கு ஒட்டுப்போட்ட ஏற்பாடுதான். ஆனால் இருப்பதைத் தூக்கி எறியாமல் ஒன்றைச் சேர்த்தால் போதும் என்பது கையிருப்புக் குறைந்தவருக்கு வசதியாயிற்று. 1997 ஜனவரியில் குவேக்கின் முப்பரிமாண முடுக்கப் பதிப்பு வெளியானதும், விளையாட்டுக் கணினியின் பணத்தில் பெரும்பங்கு செயலியிலிருந்து வரைகலை அட்டைக்கு நகரத் தொடங்கியது. அந்த நகர்வு இன்றுவரை திரும்பவில்லை.

செலரான் 300ஏ

குறைந்த செலவில் கணினி அமைத்தவர்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் பாகம் இன்டெல் செலரான் 300ஏ. அதன் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது.

1998 ஏப்ரலில் இன்டெல், மலிவுக் கணினிகளுக்கென முதல் செலரான் செயலியை வெளியிட்டது. செலவைக் குறைப்பதற்காக, பென்டியம் 2 செயலியிலிருந்த இரண்டாம் நிலை இடைநினைவகம் அதில் முற்றிலும் நீக்கப்பட்டது. இடைநினைவகத்தைச் சமையலறையின் அஞ்சறைப்பெட்டிக்கு ஒப்பிடலாம். கடுகும் சீரகமும் கையெட்டும் தூரத்தில் இருந்தால் தாளிப்பு நடக்கும். ஒவ்வொரு முறையும் உக்கிராண அறைக்கு ஓடினால் எண்ணெய் கருகும். அஞ்சறைப்பெட்டி இல்லாத அந்தச் செலரானை விமரிசகர்கள் கடுமையாகச் சாடினர்.

இன்டெல் நான்கே மாதத்தில் பிழையைத் திருத்தியது. 1998 ஆகஸ்ட் 24 அன்று வந்த 300ஏ, 128 கிலோபைட் இடைநினைவகத்தைச் செயலிச் சில்லுக்குள்ளேயே கொண்டிருந்தது. அது செயலியின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தாலும், அது தனிச் சில்லுகளாக வெளியே அமைந்து பாதி வேகத்திலேயே ஓடியது. பெட்டி பெரிது, ஆனால் அலமாரியில் இருக்கிறது. இங்கோ பெட்டி சிறிது, கையருகே இருக்கிறது. திருத்தும் முயற்சியில் இன்டெல் சற்று அதிகமாகவே திருத்திவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு செயலியின் வேகம், தாய்ப்பலகையின் பாட்டை வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் கிடைப்பது. 300ஏவின் பெருக்கெண் 4.5, பாட்டை வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் ஏறத்தாழ 300. குறைந்த வேகச் செயலியின் மேல் அதிக வேகத்தை அச்சிட்டு விற்ற மோசடிக்காரர்களைத் தடுக்க, இன்டெல் பெருக்கெண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தது. பாட்டை வேகத்தைப் பூட்டவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் தாய்ப்பலகைகள் 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையைத் தாங்கின. 4.5ஐ 100ஆல் பெருக்கினால் 450. அன்று சந்தையிலிருந்த மிக வேகமான பென்டியம் 2இன் வேகமும் 450 மெகாஹெர்ட்சே. அதுவும் 300ஏ வந்த அதே நாளில்தான் வெளியானது. ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குவோருக்கு இன்டெல் அறிவித்த விலை, பென்டியம் 2க்கு 669 டாலர், 300ஏவுக்கு 149 டாலர். இடையிலிருந்த 520 டாலரில் அன்றைய நல்ல வரைகலை அட்டை ஒன்றை வாங்கி மீதமும் பிடிக்கலாம்.

இது நடந்ததற்குக் காரணம், இரு செயலிகளும் ஒரே 0.25 மைக்ரான் உற்பத்தி முறையில் உருவானவை என்பதே. 450இல் ஓடக்கூடிய சில்லுக்கு விலைப்பட்டியலின் தேவைக்காக 300 என்று பெயரிட்டிருந்தார்கள். பாட்டை வேகம் சரியாக 100ஆக அமைந்ததும் நல்லூழே. 440பிஎக்ஸ் அந்த வேகத்தை மூன்றால் வகுத்து மற்ற அட்டைகளின் பாட்டைக்கு 33ஐயும், மூன்றில் இரண்டு பங்காக்கி வரைகலைப் பாட்டைக்கு 66ஐயும் கொடுத்தது. ஆகவே செயலியை விரைவுபடுத்தியபோதும் வன்தட்டும் வரைகலை அட்டையும் தமக்குரிய வேகத்திலேயே இயங்கின. இடைப்பட்ட 83 மெகாஹெர்ட்சை வைத்தவர்களுக்கு அந்த வகுத்தல் சரியாக வராமல், கோப்புகள் கெட்டுப்போன தொல்லையும் நேர்ந்தது.

இதில் இடர் இல்லாமல் இல்லை. எல்லாச் சில்லும் 450ஐத் தொடவில்லை. மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து சற்று உயர்த்த வேண்டியிருந்தது. அதனால் சூடு கூடி, பெரிய விசிறி தேவைப்பட்டது. நினைவகமும் 100 மெகாஹெர்ட்சைத் தாங்கும் பிசி100 வகையாக இருக்க வேண்டும். செயலி பழுதானால் உத்தரவாதம் கிடையாது. சேமிப்பு முழுவதையும் ஒரு பெட்டியில் போட்ட மாணவனுக்கு அது சிறிய சூதாட்டமல்ல. இதைப் பயன்படுத்தி, முன்பே சோதித்த சில்லுகளைக் கூடுதல் விலைக்கு விற்ற கடைகளும் இருந்தன. சிலர் செயலி அட்டையின் பி21 என்ற ஊசிமுனையை ஒட்டுநாடாவால் மறைத்து, பலகையை 100 மெகாஹெர்ட்சுக்கு ஏமாற்றினர்.

இன்டெல் பின்னர் செலரான்களின் பெருக்கெண்ணை உயர்த்திக்கொண்டே போனது. 6 என்ற பெருக்கெண் கொண்ட செயலியை 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் வைத்தால் 600 வரும். அதைப் பெரும்பாலான சில்லுகள் தாங்கவில்லை. 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையுடனேயே விற்கப்பட்ட செலரான் 2001 ஜனவரியில்தான் வந்தது.

பின்வந்த ஆண்டுகள்

2000இல் ஏஎம்டியின் டியூரான் செயலி இந்த இடத்தைப் பிடித்தது. அதன் மேற்பரப்பில் இருந்த எல்1 என்னும் சிறு இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிட்டுச் சேர்த்தால் பூட்டிய பெருக்கெண் திறந்துகொள்ளும். பென்சில் கரி மின்சாரம் கடத்தும் என்ற பள்ளிப் பாடம் இவ்வளவு லாபகரமாகப் பயன்பட்ட இடம் வேறில்லை. 2008 ஜூனில் ஏஎம்டி ரேடியான் எச்டி 4850 அட்டையை 199 டாலருக்கு வெளியிட்டது. அதே மாதம் 649 டாலருக்கும் 399 டாலருக்கும் தன் அட்டைகளை வெளியிட்டிருந்த என்விடியா சில வாரங்களிலேயே விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இக்காலத்தில் பலர் ஏமாந்த பாகம் மின்வழங்கி. அது விளையாட்டின் வேகத்தைக் கூட்டாது என்பதால், கணக்கில் கடைசியில் எஞ்சியது அதற்குப் போயிற்று. யானையை விலைபேசி வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான். மலிவு மின்வழங்கிகளின் மேல் எழுதியிருந்த வாட் அளவை அவை உண்மையில் தரவில்லை. போதாக்குறைக்கு, 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் தரம் குறைந்த மின்தேக்கிகள் பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் உப்பி வெடித்தன. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்று மின்சாரத்தை வீணாக்காத திறனை அளப்பது. ஆனாலும் நல்லதையும் போலியையும் பிரித்தறிய வாங்குவோருக்குக் கிடைத்த முதல் எளிய அடையாளம் அதுவே.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவும் தமிழ் வாசகர்கள் அறிந்த உதிரிப்பாகச் சந்தைகள். வானொலிப் பாகங்களுக்குப் பேர்பெற்ற ரிச்சி தெரு, 'அசெம்பிள்டு' கணினியின் இடமாகவும் ஆனது. இறக்குமதிச் செலவும் வரியும் சேர்வதால் அமெரிக்க விலைப்பட்டியலின் கணக்கு இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

தட்டுப்பாடும் பழைய அட்டைகளும்

2018 பிப்ரவரியில் வந்த ஏஎம்டி ரைசன் 3 2200ஜி செயலியின் விலை 99 டாலர். அதனுள்ளேயே ஓரளவு விளையாடத் தகுந்த வரைகலைப் பகுதி இருந்தது. அது வந்த நேரம் முக்கியமானது. மறையீட்டு நாணயங்களைக் கணித்தெடுப்போர் வரைகலை அட்டைகளை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், அட்டை விலை அறிவித்ததைவிட வெகுவாக ஏறியிருந்தது. தனி அட்டை வாங்க முடியாதவர்கள் இச்செயலியைக் கொண்டு தொடங்கி, அட்டைக்கான இடத்தைக் காலியாக விட்டுவைத்தனர். 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றுக் காலச் சில்லுத் தட்டுப்பாடும் சேர்ந்து நிலைமை மேலும் மோசமானது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் கணித்தெடுக்கும் தொழில் ஒரே நாளில் பொருளற்றுப் போனது. இரவும் பகலும் ஓடிய அட்டைகள் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் முதலில் விசிறியின் தேய்மானத்தைச் சோதித்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றிய பின்பே அவற்றைத் தம் பெட்டியில் பொருத்தினர்.