புதையல் எடுத்தவர்கள்

நேற்றுவரை ஓலைவீட்டில் இருந்தவர் இன்று மாடி எழுப்பினால் அயலவர் என்ன கதைப்பார்கள்? "புதையல் அகப்பட்டிருக்கும்" என்பார்கள். உழைப்பையோ வியாபாரத்தையோ நம்புவதிலும் புதையலை நம்புவது நமக்கு எளிது. அண்மையில் என் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், "சேர், இலங்கையில் உண்மையாகவே புதையல் எடுத்துப் பணக்காரரானவர் உண்டா?" என்று கேட்டார். எனக்கு ஹங்குராங்கெத்த நினைவுக்கு வந்தது.

கண்டி மன்னர்களுக்கு அங்கே ஓர் அரண்மனை இருந்தது. அங்கிருந்த அரச தோட்டத்தை 1837 இல் மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா 411 பவுணுக்கு வாங்கிக் கோப்பி பயிரிட்டார். செல்வம் குவிந்தது, 1853 இல் முதலியார் பட்டமும் வந்தது. மன்னர் புதைத்த பொன் அவர் கையில் அகப்பட்டதென்று சனங்கள் கதைத்தார்கள். 1870 இல் அவருடைய மகன் சார்ள்ஸ் ஹென்றி, எடின்பரோ கோமகனுக்குக் கொழும்பில் பொன் தட்டிலே விருந்து படைத்தார். கதைக்கு வேறு சாட்சி வேண்டுமா!

வரலாற்றாசிரியர்கள் காட்டும் புதையலோ வேறு. அதன் பெயர் சாராயக் குத்தகை. ஒரு பகுதியிலே சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில அரசு ஏலத்தில் விடும். கூடிய தொகை கேட்டவருக்கே அப்பகுதித் தவறணைகள் எல்லாம். போட்டிக்கு எவரும் இல்லை. இலங்கை முதலாளிகளிற் பலர் இக்குத்தகைப் பணத்தால் எழுந்தவர்களே என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். சொய்சா குடும்பமும் அவற்றுள் ஒன்று.

அக்குடும்பத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மொறட்டுவையில் 1876 இல் கல்லூரியும், கொழும்பில் 1879 இல் பிள்ளைப்பேற்று மனையும் அவர்கள் பணத்திலே எழுந்தவை. ஆனால், தவறணையிற் காசு வைத்தவர் யார்? வண்டிக்காரர், கண்டிக் கிராமத்தவர், கோப்பித் தோட்டத் தொழிலாளர். இத்தொழிலாளர் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள். கொலராவாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டவர் பலர். பிழைத்து மலையேறியவரின் கூலியில் ஒரு பங்கு தவறணைக்குப் போயிற்று. அங்கிருந்து குத்தகைகாரரிடமும் அரசிடமும் சேர்ந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது, கேள்வி கேட்ட மாணவர் மெல்ல எழுந்தார். "எங்கள் பாட்டனாரின் பாட்டனாரும் மாத்தளை வழியாக நடந்து வந்தவர்தான் சேர்" என்றார்.

அவரை அமரச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.