கடவுளின் பெயர் இல்லாத சமயப் பிரகடனம்

1893 செப்டம்பரில் சிகாகோவில் கூடிய சர்வசமயப் பேரவையைச் சென்ற இதழில் பார்த்தோம். சீடர் அளசிங்கப் பெருமாளும் சென்னை நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கித் திரட்டிய பணத்தோடு விவேகானந்தர் போய்ச் சேர்ந்த பேரவை அது. சமயங்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே அங்கே பெரிய சாதனை. ஆனால், 'இனி நாம் எல்லோரும் சேர்ந்து இதைச் செய்வோம்' என்று ஒப்புக்கொண்டு எழுதிய பொதுப் பிரகடனம் எதுவும் அங்கிருந்து வரவில்லை. அதற்கு இன்னொரு நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1993 ஆகஸ்ட் 28. அதே சிகாகோ நகரம், பாமர் ஹவுஸ் ஹோட்டல். நூற்றாண்டு நினைவாகக் கூட்டப்பட்ட பேரவைக்கு ஏறத்தாழ 8,000 பேர் திரண்டார்கள். 1893-ல் அழைப்பே இல்லாத அமெரிக்கப் பழங்குடிகள் இம்முறை மேடையில் இருந்தார்கள். சீக்கியர்களும் இருந்தார்கள்.

அது நல்ல காலமல்ல. போஸ்னியாவில் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், முஸ்லிம்கள் என்று அடையாளம் பிரித்து மனிதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. பம்பாய்க் கலவரத்தின் காயம் ஆறவில்லை. இலங்கையில் போர் ஓயவில்லை. சமயங்கள் உலகத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்று சொல்பவரிடம், 'முதலில் உங்கள் சண்டையை நிறுத்துங்கள்' என்று எவரும் திருப்பிக் கேட்டுவிடக்கூடிய நேரம்.

அந்த மேடையில் ஒரு விஞ்ஞானி பேசினார். பெயர் ஜெரால்ட் பார்னி. இயற்பியல் படித்தவர். அதிபர் கார்ட்டருக்காக 2000-ஆம் ஆண்டின் உலகம் எப்படியிருக்கும் என்று கணித்து, 1980-ல் வெளியான அறிக்கையைத் தயாரித்தவர். பெருகும் மக்கள்தொகை, தேயும் மண்வளம், அழியும் உயிரினங்கள், ஏழை நாடுகளின் கடன் என்று அடுக்கிவிட்டு, இந்த நிலைமைக்கு உங்கள் சமயம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று அங்கிருந்த தலைவர்களைக் கேட்டார். தத்துவ விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி அது.

பதில் ஒன்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஹான்ஸ் குங். 1928-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கத்தில் இறையியல் வல்லுநராக இருந்தவர். போப்பின் போதனை தவறாது என்னும் 'தவறா வரம்' கோட்பாட்டைக் கேள்வி கேட்டதால், கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் உரிமையை 1979-ல் வத்திக்கான் அவரிடமிருந்து பறித்தது. குங் திருச்சபையை விட்டு வெளியேறவில்லை, குருத்துவத்தையும் துறக்கவில்லை. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்திலேயே இருந்துகொண்டு யூதம், இஸ்லாம், இந்து சமயம், பௌத்தம், சீன மரபுகள் என்று படிப்பை விரித்தார். சமயங்களுக்கிடையே சமாதானம் இல்லாமல் நாடுகளுக்கிடையே சமாதானம் வராது என்ற முடிவுக்கு வந்து, 1990-ல் உலகப் பொது அறம் பற்றி ஒரு நூலே எழுதினார்.

சிகாகோ அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டபடி பொது அறப் பிரகடனத்தின் வரைவைத் தொடங்கியபோது, எதைச் சேர்க்கக் கூடாது என்பதை அவர் முதலில் தீர்மானித்தார். 1948-ன் மனித உரிமைப் பிரகடனத்தைத் திருப்பிச் சொல்லக் கூடாது. அரசியல் அறிக்கையாகிவிடக் கூடாது. பக்திப் பிரசங்கமாகவும் ஆகக் கூடாது. கருத்தடை, கருக்கலைப்பு போன்று சமயங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லாத விஷயங்களைத் தொடக் கூடாது. பல சமய அறிஞர்களுக்கு அனுப்பி, கருத்துக் கேட்டுத் திருத்தினார்.

மிகத் துணிச்சலான முடிவு ஒன்று இருந்தது. சமயத் தலைவர்கள் கையெழுத்திடப் போகும் பிரகடனத்தில் 'கடவுள்' என்ற சொல் வராது. பௌத்தர்களும் சமணர்களும் படைப்புக் கடவுளை ஏற்காதவர்கள். அந்தச் சொல் வந்தால் அவர்கள் கையெழுத்திட முடியாது. குங்கின் கணிப்பு சரி என்பதைப் பேரவையே காட்டியது. எல்லோரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று மேடையில் பலரும் பேச, புத்தர் கடவுள் அல்லர் என்று நினைவூட்டிப் பௌத்தத் தலைவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள்.

அப்படியானால் எதில் ஒன்றுபடுவது? 'என் கடமை என்ன' என்ற கேள்வியில். ஒவ்வொரு மனிதரும் மனிதராக நடத்தப்பட வேண்டும். உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே. இதைக் கன்பூசியஸ் சொன்னார், யூத ஞானி ஹில்லெல் சொன்னார், மலைப்பொழிவில் இயேசு 'உனக்கு வேண்டுவதைப் பிறருக்குச் செய்' என்ற வடிவில் சொன்னார். இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவரும் சொன்னார். இந்த அடித்தளத்தின் மேல் நான்கு பழைய கட்டளைகள் நின்றன: கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே, பாலியல் ஒழுக்கம் தவறாதே. பௌத்தப் பஞ்சசீலத்தின் முதல் நான்கும் இவைதான். மோசேயின் பத்துக் கட்டளைகளிலும் சமண விரதங்களிலும் இவை உண்டு.

பிரகடனம் இவற்றைத் தனிமனித ஒழுக்கத்தோடு நிறுத்தவில்லை. கொல்லாமை, உயிர் அனைத்தையும் மதிக்கும் வன்முறையற்ற பண்பாடாக விரிந்தது. கள்ளாமை, நியாயமான பொருளாதார அமைப்பைக் கேட்டது. வாய்மை, அரசியல்வாதிகளையும் ஊடகங்களையும் விஞ்ஞானிகளையும் சமயத் தலைவர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. நான்காவது, ஆண் பெண் சமத்துவமாக மலர்ந்தது. பெண்ணுக்குப் பூசை உரிமையோ குருத்துவமோ கொடுக்காத மரபுகளின் தலைவர்கள் இதற்குக் கையெழுத்திட்டார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. சமயத்தின் பெயரால் நடக்கும் வெறுப்பையும் தாக்குதலையும் கண்டித்த வரி, கையெழுத்திட்டவர்களின் சொந்த வீட்டையே நோக்கியது.

பேரவை பூசலின்றி முடியவில்லை. இயற்கை வழிபாட்டுக் குழுக்களோடு ஒரே அவையில் இருக்க முடியாது என்று ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் விலகினார்கள். யூதர்களைத் தாக்கிப் பேசிவந்த அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் தலைவர் லூயி ஃபராகான் அழைக்கப்பட்டதை எதிர்த்து யூத அமைப்புகள் வெளியேறின. ஆனாலும், செப்டம்பர் 4 அன்று பேரவை நிறைவுற்றபோது, தலாய் லாமா உள்ளிட்ட சமயத் தலைவர்கள் பலர் அந்த ஆவணத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

இதற்குச் சட்ட வலிமை கிடையாது; மீறியவரைத் தண்டிக்க மன்றமும் இல்லை. ஆயினும் இதை வெற்றுக் காகிதம் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஒரு மடாதிபதியோ இமாமோ ஆயரோ அடுத்த சமயத்தாரைப் பகைக்கத் தூண்டும்போது, 'இது நம் சமயமே ஒப்புக்கொண்ட அறத்துக்கு விரோதம்' என்று அவருடைய பக்தரே எழுந்து சொல்லலாம். வெளியிலிருந்து வரும் கண்டனத்தைவிட உள்ளிருந்து எழும் அந்தக் கேள்விக்கே பலம் அதிகம். நம்பிக்கைகளைக் கரைத்து ஒன்றாக்கச் சொல்லாமல், அவரவர் நம்பிக்கையிலிருந்தே அந்தக் கேள்வியை எழுப்பக் கற்றுத்தந்ததுதான் இந்தப் பிரகடனத்தின் பெருமை.

1993-ல் இயற்கையைப் பற்றிப் பேசியது போதாது என்று உணர்ந்து, 2018-ல் பூமியைப் பேணும் கடமையை ஐந்தாவது கட்டளையாகச் சேர்த்தார்கள். குங் 2021 ஏப்ரலில் டூபிங்கனில் காலமானார். புவி வெப்பமாதல் ஒவ்வொரு கண்டத்தையும் சுடும் இந்நாளில், அந்த ஐந்தாவது கட்டளையை எந்தச் சமயம் தன் வழிபாட்டுத் தலங்களிலும் நிலங்களிலும் முதலீடுகளிலும் செயலாக்குகிறது என்று கேட்கும் பொறுப்பு நம்முடையது.

பொது அறத்தை எழுதுவதோடு நில்லாமல், அதைக் கொண்டு ஒரு போரை முடித்துவைக்க முடியுமா? 1992 அக்டோபரில் மொசாம்பிக் உள்நாட்டுப் போருக்கு ரோம் நகரில் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. நடுவர்களில் ஒரு கத்தோலிக்கச் சமூகமும் இருந்தது. அந்த வரலாறு அடுத்த இதழில்.

(தொடரும்)