உதவியாளர் நாற்காலி: தமிழ்த் துப்பறியும் கதையில் பெண்

முன்னுரை

எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை போன்ற பாலக்காட்டு எல்லையூர்த் தமிழ் வாசகருக்கு இரண்டு துப்பறியும் மரபுகள் கையெட்டும் தூரத்தில் உள்ளன. தமிழில் நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894இல் வெளிவந்தது. மலையாளத்தில் அப்பன் தம்புரானின் ‘பாஸ்கர மேனோன்’ 1905இல். இரண்டிலும் துப்பறிகிறவர் ஆண். பெண்ணுக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டது, அது எப்படி நகர்ந்தது என்பதைத் தமிழ் மரபை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்க அச்சுகள்

1920களில் ‘பிளாக் மாஸ்க்’ போன்ற மலிவு விலை இதழ்களில் முரட்டுத் துப்பறிவாளர் கதை வளர்ந்தது. டாஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1930) பெண்ணுக்கு இரண்டு அச்சுகளைத் தந்தது: மயக்கிப் பொய் சொல்லும் பிரிஜிட், விசுவாசமான செயலாளர் எஃபி. முதலாமவளை நாயகன் சாம் ஸ்பேட் போலீசில் ஒப்படைக்கிறான். இரண்டாமவள் மேசையிலேயே இருந்துவிடுகிறாள்.

கற்பும் காவலும்

தமிழின் தொடக்ககால ஆசிரியர்கள் படித்தது இந்த முரட்டுக் கதைகளை அல்ல. ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களை. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அந்த ஆங்கிலக் கதைகளை நம் குடும்பங்களுக்குள் கொண்டுவந்தார்கள். வடுவூராரின் ‘மேனகா’வில் வாசகரைப் பதறவைப்பது நாயகியின் கற்புக்கு வரும் ஆபத்துதான். அங்கே பெண் காப்பாற்றப்பட வேண்டியவள். 1942இல் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு, துப்பறிவாளரின் மேதாவித்தனத்தையே கேலி செய்தான். அதிர்ஷ்டத்தால் வென்ற அந்த அசடனுக்கும் வீட்டில் வேம்பு என்ற மனைவிதான், கூட்டாளி அல்ல.

ஜோடிகளின் காலம்

மாத நாவல்கள் பெருகியபோது பெண் அலுவலகத்துக்குள் வந்தாள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா என ஜோடிகள் பிரபலமாயின. ஹாமெட்டின் எஃபி தமிழில் காதலியாகவோ மனைவியாகவோ பதவி உயர்வு பெற்றாள் என்று சொல்லலாம். ஆனால் சுசீலா என்றதும் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள் டி-ஷர்ட்டின் வாசகம். அவள் அவிழ்த்த முடிச்சு அல்ல. எழுத்தாளர் சுஜாதாவின் கதைகளிலோ கணேஷ், வசந்த் இருவருமே ஆண் வழக்கறிஞர்கள். வசந்தின் ஜொள்ளு நகைச்சுவையாக ரசிக்கப்பட்டது. கதைக்குள் வரும் பெண்ணை வாசகர் அவன் கண்ணாலேயே முதலில் பார்த்தார்.

இதற்கிடையே 1984இல் சிவகாசியின் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே மாடஸ்டி பிளைசி என்ற சாகசக்காரியைக் கொண்டு தொடங்கியது. சண்டையிடும் நாயகியை வாசகர் ஏற்பார் என்று ஒரு பதிப்பாளர் நம்பியதற்கு இது சான்று. அந்த நாயகி இறக்குமதி. உள்ளூர்ப் பெண்ணுக்கு உதவியாளர் நாற்காலியே மிஞ்சியது.

துப்பு மாறிய இடம்

அமெரிக்காவில் 1982இல் சாரா பாரெட்ஸ்கியும் சூ கிராஃப்டனும் தனித்துத் தொழில் நடத்தும் பெண் துப்பறிவாளர்களை அறிமுகப்படுத்தினர். தமிழில் குறிப்பிடத்தக்க திருப்பம் அம்பையின் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’. அதன் சுதா குப்தா மும்பையில் தொழில் செய்யும் துப்பறிவாளர், குடும்பமும் உள்ளவர். துப்பாக்கியோ மாறுவேடமோ அவர் பலம் அல்ல. வீடுகளுக்குள் நடப்பதை, சொல்லாமல் விடப்பட்டதை அவர் கவனிக்கிறார். பெண்களின் ‘ஊர்வம்பு’ என்று பழைய கதைகள் ஒதுக்கிய அறிவு இங்கே துப்பாகிறது.

முடிவுரை

காப்பாற்றப்பட வேண்டியவள், மனைவி, கூட்டாளி என்று பெண்ணின் இடம் முன்னேறியது உண்மை. எனினும் கூட்டாளிக் கட்டம் வரை, எது துப்பு என்று தீர்மானித்தவன் ஆணே. நாவலின் அட்டையில் பெண் எவ்வளவு பெரிதாக இருந்தாள் என்பது அளவுகோல் ஆகாது. கடைசி அத்தியாயத்தில் விடையைச் சொல்பவர் யார் என்பதே அளவுகோல்.